பதினைந்து சொற்கள்: எருசலேமில் ஐந்து நாட்கள்

முதல் நாள், வெள்ளி

எங்கள் ஊர் லுத்தரன் கோயிலில் ஆராதனை முடியும்போது போதகர் இரண்டு கைகளையும் உயர்த்தி மூன்று வரி சொல்வார். "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர். கர்த்தர் தம்முடைய முகத்தை உன்மேல் பிரகாசிக்கப்பண்ணி, உன்மேல் கிருபையாயிருக்கக்கடவர். கர்த்தர் தம்முடைய முகத்தை உன்மேல் பிரசன்னமாக்கி, உனக்குச் சமாதானம் கட்டளையிடக்கடவர்." இது எந்த வயதில் மனப்பாடம் ஆனது என்று எனக்கு நினைவில்லை. 1523-இல் லுத்தர் ஆராதனை முறையைத் திருத்தி எழுதியபோது முடிவில் இந்த வரிகளைச் சொல்லலாம் என்றார். தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் மிஷனரிகள் வழியாக அந்த வழக்கம் எங்கள் வீடுகள்வரை வந்து சேர்ந்தது. அப்பா படுக்கையில் கிடந்த கடைசி வாரம் போதகர் ஐயா வீட்டுக்கு வந்து, அவர் தலையில் கை வைத்து இதைச் சொன்னார். அப்பாவின் உதடுகளும் கூடவே அசைந்தன.

வேதாகமத்தில் எண்ணாகமம் ஆறாம் அதிகாரத்தில் இந்த வரிகள் ஆசாரியனாகிய ஆரோனுக்கும் அவன் குமாரருக்கும் கொடுக்கப்படுகின்றன. அந்த வம்சத்தார் என்று சொல்லப்படுகிறவர்கள் யூதர்களிடையே இன்றும் இருக்கிறார்கள். எபிரேயத்தில் கோஹென் என்றால் ஆசாரியன், கோஹனீம் பன்மை. அவர்கள் இன்றும் ஜெப ஆலயத்தில் இதே சொற்களைச் சொல்கிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து, ஒருமுறை அதைக் காதால் கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது. முன்பு என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒரு கோஹென். "பஸ்கா வாரத்தில் வா" என்றார். வந்துவிட்டேன்.

விமான நிலையத்திலிருந்து எருசலேமுக்கு ரயிலில் அரைமணி நேரம்தான். பஸ்கா பண்டிகையில் புளித்த ரொட்டி கூடாது என்பதால் கடைகளில் ரொட்டி வைக்கும் அலமாரிகளைத் தாள் ஒட்டி மறைத்திருந்தார்கள். நண்பர் வீடு நஹ்லாவோத் பகுதியில், மஹனே யெஹூதா சந்தைக்குப் பக்கத்தில் இருக்கிறது. சந்துகள் குறுகல். திரும்பிய பக்கமெல்லாம் ஒரு சின்ன ஜெப ஆலயம். சூரியன் மறைய 40 நிமிடம் இருக்கும்போது சைரன் ஒலித்தது. எருசலேமில் ஓய்வுநாள் விளக்கேற்றும் நேரம் அது.

இரவு மேசையில் உட்காருவதற்கு முன் நண்பர் பிள்ளைகளைக் கூப்பிட்டார். மகன் தலையில் இரண்டு கைகளையும் வைத்து, "தேவன் உன்னை எப்பிராயீமைப் போலவும் மனாசேயைப் போலவும் ஆக்கக்கடவர்" என்றார். மகளுக்கு சாராள், ரெபேக்காள், ராகேல், லேயாள் பெயர்கள். அதன் பிறகு இருவருக்கும் அந்த மூன்று வரிகள். எபிரேயத்தில் அவை மொத்தம் பதினைந்தே சொற்கள். முதல் வரியில் 3, இரண்டாவதில் 5, மூன்றாவதில் 7. வரிக்கு வரி அகலமாகிக்கொண்டே போய் கடைசியில் 'ஷாலோம்' என்ற சொல்லில் நிற்கிறது.

வீட்டில் இதைச் சொல்ல வம்சம் தேவையில்லை, எந்தத் தகப்பனும் தாயும் சொல்லலாம். ஆனால் ஜெப ஆலயத்தில் மக்கள் முன் நின்று கைகளை உயர்த்திச் சொல்வது கோஹனீம் மட்டும்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு பையன் எனக்குக் கை வைக்கும் முறையைக் காட்டினான். எட்டு வயது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் ஒரு பக்கம், நடுவிரலும் ஆள்காட்டி விரலும் இன்னொரு பக்கம், நடுவில் இடைவெளி. இரண்டு கைகளையும் சேர்த்து வைத்தால் ஐந்து சாளரம் வர வேண்டும். வேதாகமத்தின் உன்னதப்பாட்டில் நேசர் கிராதியின் வழியாய்ப் பார்க்கிறார் என்று வருகிறதே, அந்தக் கிராதிதான் இது என்பார்கள். பையனுக்கு இடது மோதிரவிரல் ஒத்துழைக்கவில்லை. வலது கையால் பிடித்துப் பிடித்துத் தள்ளினான். பயிற்சியின்போது கடவுளின் பெயர் வரும் இடத்தில் 'ஹஷெம்' என்றான், 'அந்தப் பெயர்' என்று பொருள். உண்மையான ஆசீர்வாதத்தில்தான் 'அதோனாய்' வரும். நாளைக் காலை அப்பாவோடு மேடை ஏறப்போகிறான்.

இரண்டாம் நாள், சனி

ஓய்வுநாளில் எழுதக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. விருந்தாளிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை என்றார்கள். ஆனாலும் அவர்கள் வீட்டில் இருந்துகொண்டு எனக்கு மனம் வரவில்லை. வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்த பிறகு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஆலயம் சின்னது, எண்பது பேர் உட்காரலாம். பெண்களுக்கு மேல்மாடம். நான் பின் பெஞ்சில், நண்பரின் மாமனார் பக்கத்தில். அவர் கோஹென் இல்லை. பேத்தி அவர் மடியில் இருந்தாள்.

தொழுகை நடந்துகொண்டிருக்கும்போதே முன்வரிசையிலிருந்து நான்கைந்து பேர் எழுந்து வாசல் பக்கம் போனார்கள். நண்பரும் மகனும்கூட. வாசலுக்கு வெளியே ஒரு தொட்டி. அங்கே லேவியர்கள், அதாவது லேவி கோத்திரத்தார், இரண்டு கைப்பிடி வைத்த குவளையால் கோஹனீமின் கைகளில் மணிக்கட்டுவரை தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஊற்றியவர்களில் ஒருவர் எழுபது வயதுப் பெரியவர், கையை நீட்டி நின்றவன் கல்லூரிப் பையன். பெரியவர் மிகக் கவனமாக, இரண்டு பக்கமும் நனைகிறதா என்று பார்த்துப் பார்த்து ஊற்றினார். காலணிகளை அங்கேயே பெஞ்சுக்கு அடியில் விட்டுவிட்டு, காலுறையோடு உள்ளே வந்தார்கள்.

காலணி விஷயத்துக்கு ஒரு கதை உண்டு. கி.பி. 70-இல் எருசலேமின் பேராலயம் இடிந்த பிறகு ரப்பான் யோஹனான் பென் ஸக்காய் என்ற யூத குரு சில ஏற்பாடுகள் செய்தார். கோஹனீம் செருப்போடு மேடை ஏறக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. காரணத்தை யூதர்களின் பழைய சட்ட விளக்க நூலான தல்முத் இப்படிச் சொல்கிறது: ஒருவேளை செருப்பின் வார் அறுந்துவிடும், அவர் குனிந்து கட்ட உட்கார்ந்துவிடுவார், மற்றவர்கள் ஆசீர்வதிக்கும்போது இவர் மட்டும் சும்மா இருப்பதைப் பார்த்து, 'இவர் பிறப்பில் ஏதோ குறை போலிருக்கிறது' என்று ஊர் பேசும். ஒரு மனிதனுக்கு அந்தப் பழி வரக் கூடாது என்பதற்காக எல்லோரையும் காலணி இல்லாமல் நிற்க வைத்தார்கள். இதைக் கேட்டதிலிருந்து அந்தப் பெஞ்சுக்கு அடியில் கிடந்த காலணிகள் என் கண்ணில் வேறு மாதிரி தெரிகின்றன.

கோஹனீம் மேடையில், வேதச் சுருள்கள் வைத்திருக்கும் திருச்சட்டப் பேழையைப் பார்த்து, நமக்கு முதுகு காட்டி நின்றார்கள். தாலித் என்னும் தொழுகைச் சால்வையைத் தலைக்கு மேல் இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்கள். தொழுகை நடத்துபவர் "கோஹனீம்!" என்று அழைத்ததும் வலப்பக்கமாகத் திரும்பினார்கள். அந்தச் சமயத்தில் மாமனார் தன் சால்வையைப் பேத்தி மேல் போர்த்தி, தன் தலையையும் மூடி, என்னைப் பார்த்துக் கண்ணால் 'கீழே' என்றார்.

கோஹனீமின் கைகளைப் பார்க்கக் கூடாது. பேராலயம் இருந்த காலத்தில் அவர்கள் அந்தப் பரிசுத்தப் பெயரை அப்படியே உச்சரித்தார்கள், பார்த்தவர் கண் மங்கும் என்று தல்முத் சொல்கிறது. இப்போது சொல்லும் காரணம், கவனம் சிதறும் என்பது. அமெரிக்க நடிகர் லெனர்ட் நிமாய் சிறுவயதில் பாஸ்டன் நகர ஜெப ஆலயத்தில் எட்டிப் பார்த்துவிட்டார். பின்னாளில் தொலைக்காட்சியில் வேற்றுக்கிரகவாசியாக நடித்தபோது அந்தக் கைமுத்திரையையே வணக்கமாக வைத்தார், உலகம் முழுக்கப் பரவிவிட்டது. நான் பார்க்கவில்லை. இவ்வளவு தூரம் பயணம் செய்து வந்து, தரையில் ஒரு கீறல் விழுந்த ஓட்டைப் பார்த்தபடி நின்றேன்.

அதனால் காதால் கேட்டதை மட்டுமே சொல்ல முடியும். முதலில் கோஹனீம் ஒரு நன்றி சொன்னார்கள். ஆரோனின் பரிசுத்தத்தால் எங்களைப் பரிசுத்தப்படுத்தி, 'தம் மக்களாகிய இஸ்ரவேலை அன்போடு ஆசீர்வதிக்கும்படி' கட்டளையிட்டவருக்கு நன்றி. அப்புறம் தொழுகை நடத்துபவர் ஒரு சொல் எடுத்துக் கொடுத்தார்: "யெவாரெக்கெகா." நான்கைந்து குரல்கள் சால்வைக்குள்ளிருந்து அதைத் திருப்பிச் சொல்லின. அடுத்த சொல். மறுபடி குரல்கள். ஒரு வரி முடிந்ததும் எல்லோரும் ஆமென். அந்தக் குரல்களுக்கு நடுவே ஒரு கீச்சுக்குரல் அரை நொடி பிந்தி வந்துகொண்டிருந்தது. எட்டு வயதுக் குரல்.

சொந்தமாக ஒரு சொல்கூடச் சேர்க்க அவர்களுக்கு அனுமதியில்லை. மனம் பொங்கி, 'நீங்கள் ஆயிரம் மடங்கு பெருகுக' என்று கூடுதலாக வாழ்த்தினால்கூடத் தவறு. ஆரம்பிப்பதும் அவர்கள் இல்லை, கூப்பிட்டால்தான் திரும்புகிறார்கள், எடுத்துக் கொடுத்தால்தான் சொல்கிறார்கள்.

மதியச் சாப்பாட்டின்போது இதைத்தான் கேட்டேன். ஆசீர்வதிக்கிறவர் நல்லவராக இல்லாவிட்டால்? 'இந்தச் சாதாரண ஆள் ஆசீர்வதித்து என்ன ஆகப்போகிறது என்று நினைக்காதே, ஆசீர்வாதம் கோஹனீமைப் பொறுத்தது அல்ல, கடவுளைப் பொறுத்தது' என்று 12-ஆம் நூற்றாண்டிலேயே மைமோனிடிஸ் என்ற யூதச் சட்ட அறிஞர் எழுதிவிட்டாராம். எண்ணாகமத்தில் அடுத்த வசனமும் அப்படித்தான் முடிகிறது, "நான் அவர்களை ஆசீர்வதிப்பேன்" என்று. ஆனாலும் ஒரு கொலை செய்தவர் கைகளை உயர்த்தக் கூடாது, குடித்திருப்பவரும் கூடாது. 'அன்போடு' என்ற சொல்லையும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. சபையோடு மனக்கசப்பில் இருப்பவர் அந்த நேரம் வெளியே போய்விடுவது உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு விதி. கையில் வடுவோ விகாரமோ உள்ளவர் கை தூக்கக் கூடாது, மக்கள் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். சாயத் தொழிலாளிக்கும் இதே விதி, விரலெல்லாம் நீலமும் சிவப்புமாக இருக்கும். ஆனால் ஊரில் பெரும்பாலோர் சாயத் தொழிலாளிகள் என்றால் தடையில்லை. விகாரமுள்ளவரும் ஊருக்குப் பழகிய ஆள் என்றால் தடையில்லை. ஊர் பழகிவிட்டால் குறை குறையே அல்ல என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறார்கள்.

மாமனார் ஹைஃபாக்காரர். "எங்கள் பக்கம் பல ஆலயங்களில் ஓய்வுநாள் கூடுதல் தொழுகையில் மட்டும்தான்" என்றார். எருசலேமில் தினமும் உண்டு. நண்பரின் தாத்தா பிறந்த போலந்தில் பண்டிகைக்கு மட்டும். அதற்கு 16-ஆம் நூற்றாண்டில் கிராக்கோவின் ரபி மோசே இஸர்லேஸ் எழுதிய காரணம்: ஆசீர்வதிக்கிறவன் மகிழ்ச்சியாக இருக்க வேண்டும், மற்ற நாட்களில் மனிதன் பிழைப்பைப் பற்றிய கவலையிலேயே இருக்கிறான். எவ்வளவு கடினமான நாட்களைப் பார்த்திருந்தால் இப்படி ஒரு வரி எழுத வரும்! பின்னால் வில்னா காவோன் என்ற பெரிய ரபி இதைத் தினசரி வழக்கமாக்க நினைத்தார், நடக்காமல் போயிற்று என்று அங்கே ஒரு கதை சொல்லப்படுகிறது.

மூன்றாம் நாள், ஞாயிறு

இன்று, பழைய பேராலய வளாகத்தில் மிஞ்சியிருக்கும் மேற்குச் சுவரில் பெருங்கூட்டம். பஸ்கா வாரத்திலும் கூடாரப் பண்டிகை வாரத்திலும் நாட்டின் கோஹனீம் நூற்றுக்கணக்கில் இங்கே சேர்ந்து ஆசீர்வதிக்கிறார்கள். 1967 போருக்குப் பிறகு ஏற்பட்ட வழக்கம்.

குப்பை வாசல் வழியாக உள்ளே நுழையவே முக்கால் மணி நேரம் ஆனது. சதுக்கம் நிரம்பி, மேலே படிகள், மொட்டைமாடிகள் எல்லாம் ஆட்கள். தள்ளுவண்டியில் குழந்தைகள், சக்கர நாற்காலிகள். சுவரோரம் வெள்ளைச் சால்வைகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே துணிபோலத் தெரிந்தன. ஒலிபெருக்கியில் அழைப்பு வந்ததும் அத்தனை பேச்சும் நின்றது. ஒரு குழந்தை அழுதது மட்டும் கேட்டது.

யெவாரெக்கெகா என்ற சொல்லைப் பற்றி நேற்றிரவு யோசித்துக்கொண்டிருந்தேன். அது 'உன்னை', 'உங்களை' அல்ல. எபிரேயத்தில் மூன்று வரியும் ஒருமையில்தான். இன்றைய ஆங்கிலத்தில் இந்த வித்தியாசம் தெரியாது, நம் மொழிபெயர்ப்பில் அப்படியே நிற்கிறது: உன்னை, உன்மேல், உனக்கு. பல்லாயிரம் பேர் நெருக்கியடித்து நிற்கும் சதுக்கத்தில் ஒருமையில் கூப்பிடுகிறார்கள்.

கோஹனீமுக்குப் பின்னால் நிற்பவர்களுக்கு ஆசீர்வாதம் சேராது என்று விதி. அதனால் சிலர் பதற்றத்தோடு இடம் மாறினார்கள். பக்கத்தில் நின்ற இளைஞர் ஒருவர் தல்முத்தில் வரும் ஒரு கேள்வியைச் சொன்னார். ஓர் ஆலயத்தில் இருப்பவர்கள் அத்தனை பேரும் கோஹனீம் என்றால் என்ன செய்வது? எல்லோரும் மேடை ஏறட்டும். யாரை ஆசீர்வதிப்பார்கள்? வயலில் இருக்கும் சகோதரர்களை. முதுகுப்புறம் நிற்பவருக்கே இல்லாதது வயலில் இருப்பவருக்கு எப்படி? அவர்கள் வேலையால் வர முடியாமல் போனவர்கள், அதனால் அவர்களுக்கு உண்டு.

நான் இஸ்ரவேலன் இல்லை. இது என்னை நோக்கிச் சொல்லப்படவில்லை என்று எனக்குத் தெரியும். ஓரமாக நின்று கேட்டேன். கேட்டதே போதும் என்றிருந்தது.

நான்காம் நாள், திங்கள்

காலையில் ஹின்னோம் பள்ளத்தாக்குக்கு மேலே, ஸ்காட்லாந்துக்காரர்களின் புனித அந்திரேயா கோயிலை ஒட்டிய பாறைச் சரிவுக்குப் போனேன். கெத்தேப் ஹின்னோம் என்ற இடம். பாறையில் குடைந்த கல்லறைகள், மேற்கூரை போய்விட்டது. பிணத்தைக் கிடத்தும் மேடையில் தலை வைக்கக் குழிவுகூட வெட்டியிருக்கிறார்கள். 1979-இல் தொல்லியலாளர் கேப்ரியேல் பார்க்காய் இங்கே அகழாய்வு செய்தார். உதவிக்கு வந்திருந்த சிறுவர்களில் ஒருவனை, ஒரு கல்லறையின் அடியில் இருந்த அறையைச் சுத்தம் செய்யச் சொன்னார். பையன் சுத்தியலால் தரையைத் தட்டினான், தரை என்று நினைத்தது உடைந்தது. அது உண்மையில் சரிந்து விழுந்த கூரைப் பாறை. அதற்கடியில் யாரும் தொடாத ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்கள்.

அவற்றில் இரண்டு சின்னஞ்சிறு வெள்ளிச் சுருள்கள் இருந்தன. அவற்றைப் பார்க்க மதியம் இஸ்ரேல் அருங்காட்சியகம் போனேன். பெரியது விரித்தால் சுமார் 10 சென்டிமீட்டர் நீளம், சின்னது 4. நடுவில் கயிறு கோக்க வழி. பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது, இது தாயத்துத் தகடு! எழுதிச் சுருட்டிக் கழுத்தில் கட்டியிருக்கிறார்கள். உடையாமல் விரிக்கவே மூன்று ஆண்டுகள் ஆயின. பழைய எபிரேய எழுத்தில் தலைமுடி அளவுக் கீறல்கள். படித்துப் பார்த்தால், 'உன்னை ஆசீர்வதித்து உன்னைக் காப்பாராக.' கி.மு. 600-ஐ ஒட்டிய காலம். பழைய வேதாகமப் பிரதிகள் உள்ள சாக்கடல் சுருள்களைவிடச் சுமார் 400 ஆண்டுகள் முந்தியது. வேதாகமத்தில் உள்ள வாசகம் எழுதப்பட்டுக் கிடைத்ததில் இதைவிடப் பழையது இதுவரை இல்லை.

எந்த வரி முதலில் கிடைத்திருக்கலாம்? படைப்பின் கதை, பத்துக் கட்டளை, ஏதாவது அரசனின் பெயர். கிடைத்தது, யாரோ ஒருவர் யாரோ ஒருவர் கழுத்தில் கட்டிவிட்டு, சாவுக்குப் பிறகும் கழற்றாமல் புதைத்த வரி. கோஹென் கல்லறைத் தோட்டத்துக்குள் போகக் கூடாது, நெருங்கிய உறவினருக்காக மட்டும்தான் விதிவிலக்கு. அவர் போகக் கூடாத இடத்தில் அவருடைய சொற்கள் 2600 ஆண்டுகள் கிடந்திருக்கின்றன. கண்ணாடிப் பேழைக்கு முன்னால் நெடுநேரம் நின்றேன். அப்பாவின் உதடுகள் ஞாபகத்துக்கு வந்தன.

அதே கட்டடத்தில் கொச்சி கடவும்பாகம் ஜெப ஆலயத்தின் உட்புறத்தை மரவேலையோடு கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்துத் தச்சர் கை என்று பார்த்ததும் புரிகிறது. கொஞ்ச நேரம் அதன் நிழலில் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பினேன்.

ஐந்தாம் நாள், செவ்வாய்

இன்று இரவு விமானம். விடியற்காலை ஐந்தரைக்கு, நண்பரைத் தொந்தரவு செய்யாமல், சந்தைக்குப் பின்னால் இருக்கும் வேறொரு சின்ன ஆலயத்துக்குத் தனியாகப் போனேன். வாசலில் நின்றவரிடம் கேட்டுக்கொண்டு கடைசியில் உட்கார்ந்தேன். பன்னிரண்டு பேர் இருந்தார்கள். வேலைக்குப் போகிறவர்களின் தொழுகை, வேகமாக நடந்தது.

ஒரே ஒருவர் எழுந்து கைகழுவப் போனார். நாற்பது வயது இருக்கும், பஸ் ஓட்டுநர் சீருடைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. லேவியர் யாரும் அன்று இல்லை போலும், தலைமகனாகப் பிறந்த ஒருவர் தண்ணீர் ஊற்றினார். அதுதான் முறையாம். ஒரே ஒரு கோஹென் என்றால் "கோஹனீம்" என்ற அழைப்பு கிடையாது. யாரும் கூப்பிடாமல் அவராகவே சால்வைக்குள் திரும்பினார். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன்.

ராகம் எதுவும் இல்லை. ஒரு சொல் எடுத்துக் கொடுக்க, ஒரு சொல் திரும்பி வந்தது. கரகரத்த குரல், தூக்கம் முழுதாகக் கலையாத குரல். பதினைந்து சொல்லும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டன. பதினோரு பேர் ஆமென் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை சதுக்கத்தில் கேட்டதைவிட இது எனக்குள் ஆழமாக இறங்கியது. இவருக்கு இன்று என்னென்ன கவலையோ, பிழைப்போ, கடனோ, அதோடுதான் வந்து நின்றிருக்கிறார். கிராக்கோ ரபி எழுதிய அந்த மனிதர் இவர்தான். ஆனாலும் இந்த ஊர் இவரை நிற்க வைக்கிறது, 'அன்போடு' என்று சொல்ல வைக்கிறது, நாளைக்கும் வைக்கும்.

பண்டிகை வாரத்துக்கான கூடுதல் தொழுகையிலும் மறுபடி ஒருமுறை சொன்னார். முடிந்து இறங்கியபோது ஒவ்வொருவரும் "யாஷெர் கோவாஹ்" என்றார்கள், உன் பலம் நிலைக்கட்டும் என்று வாழ்த்து. அவர் தலையசைத்துக்கொண்டே சால்வையை மடித்துப் பைக்குள் வைத்தார்.

வெளியே வந்தபோது அவர் பெஞ்சில் உட்கார்ந்து காலணி மாட்டிக்கொண்டிருந்தார். இடது காலணியின் கயிறு நைந்து போய், ஒரு முடிச்சுப் போட்டு ஒட்டவைத்திருந்தது. அவசரமாக இழுத்ததில் அது அறுந்தது. ஏதோ முணுமுணுத்தார், இரண்டு முனைகளையும் சேர்த்து மறுபடி ஒரு முடிச்சுப் போட்டார், கடிகாரத்தைப் பார்த்தார், தெருமுனையை நோக்கி வேகமாக நடந்தார்.